வேட்பாளர் வீட்டுக் கதையை மைக்கில் இழுக்கலாமா? ஒரு மதுரை அச்சகக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று வருஷம் முழுக்க ஓடும். சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் மட்டும் எல்லாக் கட்சிக் கரை வேட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கும். அப்போது பேச்சு எப்படியும் இந்த விஷயத்தில் வந்து நிற்கும்: எதிராளியின் பெண்டாட்டி, பிள்ளை, அம்மா, கல்யாணம் இதையெல்லாம் பேசலாமா, அச்சடிக்கலாமா, அடித்தால் என்ன ஆகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் வருகிற இடத்தையெல்லாம் கடைக்கு வருகிற வக்கீல் ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

நீங்கள் எந்தக் கட்சி?

காசு கொடுக்கிற கட்சி. போன தேர்தலில் ஒரு கட்சி பாக்கி வைத்துவிட்டுப் போனது, அந்தக் கட்சி மேல் மட்டும் கொஞ்சம் கோபம்.

குடும்பத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா?

திறக்கலாம். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. என் கணக்கு ரொம்ப எளிது. வேட்பாளரின் மச்சான் மாநகராட்சி டெண்டர் எடுத்திருக்கிறாரா, கேளுங்கள். பதவிக்கு வந்த பிறகு மகன் பெயரில் நிலம் வாங்கியிருக்கிறதா, கேளுங்கள். அப்பா எம்.எல்.ஏ., மகன் எம்.எல்.ஏ., இப்போது மருமகளுக்கும் சீட்டா, அதையும் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அதெல்லாம் ஊர்ப் பணமும் பதவியும் அந்த வீட்டு வாசல்படி ஏறிய கதை. அவர் பெண்டாட்டி ஏன் அம்மா வீட்டில் இருக்கிறார், மகள் யாரைக் கட்டிக்கொண்டார், அவருக்குப் பிள்ளை ஏன் இல்லை, அவர் அம்மா எப்படிப்பட்டவர், இதில் உங்கள் தெருச் சாக்கடைக்கு என்ன சம்பந்தம்?

மனு தாக்கல் செய்யும்போது கொடுக்கிற பிரமாணப் பத்திரம் (படிவம் 26 என்பார்கள்) அந்தக் கோட்டை ஏற்கெனவே ஓரளவு போட்டிருக்கிறது. தன் பெயரில் உள்ளதோடு கணவன் அல்லது மனைவி, தன்னை நம்பி இருப்பவர்கள் பெயரில் உள்ள சொத்து, கடன் எல்லாம் எழுதியாக வேண்டும். அது வாக்காளருக்குத் தெரிய வேண்டியது. ஆனால் அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. கரிகோ கிரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: வேட்பாளரின் வாழ்க்கையில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கும் உரிமை வாக்காளருக்கு இல்லை, தேர்தலுக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் வேட்பாளருக்கும் அந்தரங்க உரிமை உண்டு.

விதி என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் நாகரிகம் சம்பந்தப்பட்டதா?

இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளில் முதல் பகுதியிலேயே வருகிறது. மற்ற கட்சிகளை விமர்சித்தால் அவர்களுடைய கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொது வாழ்க்கையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது. சரிபார்க்காத குற்றச்சாட்டையும் திரித்துச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும்.

இந்த நடத்தை விதி நாடாளுமன்றம் போட்ட சட்டம் கிடையாது. தேர்தல் ஆணையம் கட்சிகளோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. மீறினால் நோட்டீஸ் வரும், கண்டனம் வரும், பேச்சாளரைச் சில மணி நேரம் பிரச்சாரம் செய்யாமல் நிறுத்துவார்கள். நேராக ஜெயில் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

அப்படி யாரையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தல் சமயம், மார்ச் கடைசியில், தி.மு.க.வின் ஆ.ராசா சென்னை ஆயிரம் விளக்கில் பேசும்போது அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பை இழுத்து ஓர் ஒப்பீடு சொன்னார். அந்த வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அதே நோட்டீஸை நானும் அடித்த மாதிரி. பழனிசாமி பிரச்சார வேனிலேயே தன் அம்மாவை நினைத்துக் கண்கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஏப்ரல் 1-ஆம் தேதி ஆணையம் அவரை 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தடுத்தது, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிரச்சாரத்தில் மிச்சம் இருந்த நாளில் பாதி போச்சு.

ஒரு கட்சி மட்டும் செய்கிற வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-இல் பா.ஜ.க.வின் திலீப் கோஷ் மம்தா பானர்ஜியின் அப்பா யார் என்கிற மாதிரி பேசி ஆணையத்திடம் கண்டனம் வாங்கினார். அதே நாளில் காங்கிரஸின் சுப்ரியா ஷ்ரினேட்டுக்கும் கண்டனம், கங்கனா ரனாவத் பற்றிய பதிவுக்காக. 2025 ஜனவரியில் தில்லி சட்டமன்றத் தேர்தலில், அப்போது முதல்வராக இருந்த ஆதிஷி குடும்பப் பெயரை விட்டதை வைத்து, அப்பாவையே மாற்றிக்கொண்டார் என்று அவரை எதிர்த்து நின்ற ரமேஷ் பிதூரி பேசினார். ஆதிஷி செய்தியாளர்கள் முன்னாலேயே அழுதார். கவனித்தீர்களா, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் கை வைக்கிறார்கள்: அப்பன் யார், ஆத்தா யார்.

இப்படிப் பேசினால் ஓட்டு விழுமா, விழாதா? அதைச் சொல்லுங்கள்.

பெஞ்சில் உட்காருகிறவர்கள் கேட்கிற ஒரே உண்மையான கேள்வி இது. 2021-இல் பழனிசாமி தன் எடப்பாடித் தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், அவர் கட்சி ஆட்சியை இழந்தது. 2025-இல் ஆதிஷி கால்காஜியில் பிதூரியையே தோற்கடித்தார், அவர் கட்சியும் ஆட்சியை இழந்தது. இதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாதாடலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்பு, அச்சகம் ஆரம்பித்த புதிதில், ஒரு பிட் நோட்டீஸ் அடித்தேன். 'பதில் சொல்வாரா?' என்று தலைப்பு, கீழே 10 கேள்வி. எழுதிக்கொண்டு வந்தவர் படித்தவர், நியாயமான ஆள், உழைத்துத் தயாரித்திருந்தார். வார்டில் குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கிருதுமால் கால்வாயைத் தூர்வாரிய பணம் எங்கே, ரேஷன் கடைக்கு இடம் என்ன ஆச்சு என்று வரிசையாக இருந்தது. கட்சி அலுவலகத்தில் யாரோ காரம் பத்தவில்லை என்று சொல்ல, ஏழாவதாக ஒரு கேள்வியைச் செருகினார்கள். எதிர்த்து நிற்பவருக்குச் சின்ன வீடு இருப்பது உண்மையா என்று. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கேள்விதானே, குற்றச்சாட்டு இல்லையே என்று அவரும் சொன்னார், நானும் அப்படியே நினைத்துக்கொண்டு 5,000 அடித்துக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் அந்த நோட்டீஸ் பெஞ்சு பெஞ்சாகக் கை மாறியது. ஒருத்தர்கூட முதல் கேள்வியிலிருந்து படிக்கவில்லை. "ஏழாவதைப் பாருய்யா" என்று விரல் வைத்தே கொடுத்தார்கள். அன்று முழுக்க ஊரில் அதற்குப் பெயரே ஏழாம் நம்பர் நோட்டீஸ். குடிதண்ணீரும் கால்வாயும் ரேஷன் கடையும் அதே தாளில்தான் இருந்தன, யார் கண்ணிலும் படவில்லை. சாயங்காலம் அந்த வேட்பாளர் வேனில் வந்தார், பக்கத்தில் பெண்டாட்டியை நிறுத்திக்கொண்டார், அந்த அம்மா கும்பிட்டது, கூட்டம் உச்சுக்கொட்டியது. மற்ற ஒன்பது கேள்விக்கும் அவர் கடைசி வரை பதில் சொல்லவேயில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. எழுதிக்கொண்டு வந்தவர் என் கடைக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. வீட்டுக் கதையைக் கிளப்புவது எதிராளிக்குத்தான் வசதி. தண்ணீருக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவனுக்கு அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பொய் சொன்னால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகுமா?

போகலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(4). வேட்பாளரின் சொந்த ஒழுக்கம் அல்லது நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று தானே நம்பாமலோ, அவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுக்கும்படி ஒரு தகவலைப் பரப்பினால் அது சட்டத்தின் வார்த்தையில் 'ஊழல் நடவடிக்கை', அதாவது தேர்தல் முறைகேடு. ஜெயித்தவரோ அவருடைய தேர்தல் முகவரோ அவர்கள் சம்மதத்தோடு வேறு யாரோ செய்தது என்று உயர் நீதிமன்றத்தில் நிரூபித்தால் வெற்றி ரத்தாகும். 6 வருஷம் வரை தகுதிநீக்கமும் வரலாம். தேர்தல் மனுவை முடிவு அறிவித்த 45 நாளுக்குள் போட வேண்டும். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம்.

பாட்டாகப் பாடினால் தப்பித்துவிடலாம் என்று ஒரு தம்பி கேட்டான். ராஜஸ்தானில் ஒரு தேர்தல் கூட்டத்தில் கவிதை வாசித்தார்கள், எதிர் வேட்பாளரைத் திருடர்களிலெல்லாம் பெரிய திருடர் என்று. குமாரா நந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிதை என்று விடவில்லை, சொந்த ஒழுக்கத்தைப் பற்றிய பொய்த் தகவல் என்றே எடுத்துக்கொண்டது. எதுகை மோனைக்குத் தள்ளுபடி கிடையாது.

நடைமுறையில் இதெல்லாம் மெதுவாகத்தான் நகரும். சம்மதம் இருந்தது என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 175 என்று ஒன்று இருக்கிறது, தேர்தலில் வேட்பாளரைப் பற்றிப் பொய் சொன்னால் தண்டனை என்று. தண்டனை என்னவென்றால் அபராதம், அவ்வளவுதான்.

உண்மையாகவே இருந்தால்?

நல்ல கேள்வி, பலரும் சறுக்குகிற இடம். 123(4)-க்குப் பொய்யாக இருக்க வேண்டும். நடத்தை விதிக்கு அப்படி இல்லை, உண்மையாக இருந்தாலும் சொந்த வாழ்க்கையைத் தொட்டால் மீறல்தான். அவதூறு வழக்கு வந்தால் (இப்போது அதே சன்ஹிதாவில் பிரிவு 356, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு) உண்மை என்று காட்டினால் மட்டும் பத்தாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். ஒருத்தர் விவாகரத்து ஆனவர் என்று சொல்வதில் என்ன பொது நன்மை? யோசித்துவிட்டு வாருங்கள், நான் டீ சொல்கிறேன்.

அச்சகத்தின் பெயர் போடாமல் மொட்டை நோட்டீஸாக அடித்துத் தருவீர்களா?

மாட்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 127A படி தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். அடித்து முடித்ததும் அந்தப் படிவத்தையும் நோட்டீஸ் பிரதியையும் நான் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம்.

இதைச் சொன்னதுமே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கேட்டால், மைக்கில் அவ்வளவு வீரமாகப் பேசுகிறவருக்குத் திடீரென்று கைக்கு வேலை வந்துவிடும்.

ஒரு தடவை, ஒரு வேட்பாளரின் மகள் வேறு சாதியில் காதல் கல்யாணம் செய்துகொண்டதை வைத்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். நான் மேட்டரைப் படிக்காமலே டிசைனிங் செய்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், என் தப்புதான். இரண்டு வரி அடித்தவர் மானிட்டரை என் பக்கம் திருப்பி, "அண்ணே, இத நீங்களே ஒரு தடவ படிங்க" என்றார். அவருடையதும் காதல் கல்யாணம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துச் செல்லூரில் அதே நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருந்தது, வேறெங்கோ அடித்திருக்கிறார்கள். மட்டமான தாள், கலர் ரிஜிஸ்டர் விலகி அந்த மணப்பெண்ணின் முகம் இரட்டையாகத் தெரிந்தது. கீழே அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போடுகிற பிரிண்ட் லைன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தேர்தலில் நின்றது அப்பா, சுவரில் இருந்தது மகள்.

வாட்ஸ்அப்பில் வருவதற்கு யார் பிரிண்ட் லைன் போடுவது?

யாரும் போடுவதில்லை, அதனால்தான் நோட்டீஸ் வேலை குறைந்து அது கூடியிருக்கிறது. இப்போது முகத்தையும் குரலையும் மாற்றி வீடியோ செய்கிறார்கள். 2024 மே மாதம் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்னது, இப்படிப் போலியாக உருவாக்கியது தங்கள் பக்கங்களில் இருப்பது கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று. கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்கு அது சரி. நம்ம தெரு 'நண்பர்கள் குழு'வுக்கு? அங்கே நீங்கள்தான் ஆணையம். 'ஃபார்வர்டட்' என்று போட்டுவிட்டால் பாவம் ஒட்டாது என்று நினைக்காதீர்கள், அவதூறைப் பரப்பினதும் அவதூறுதான்.

மேடையில் இதைப் பேசுகிறவர்கள் யார்? தலைவர்களா?

பெரும்பாலும் இல்லை. தலைவர் ஏழு மணிக்கு வருகிறார் என்று போஸ்டரில் இருக்கும், ஒன்பதரைக்கு வருவார். நடுவில் இரண்டரை மணி நேரம் கூட்டத்தை உட்கார வைக்க ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் இரண்டாம் வரிசைப் பேச்சாளர்கள். அவரிடம் புள்ளிவிவரம் இருக்காது, ஜனம் எழுந்து போக ஆரம்பித்தால் கை உதறும். அப்போது ஒரு வீட்டுக் கதையை எடுத்து விடுவார், விசில் பறக்கும். பத்து மணிக்கு மைக் அணைக்க வேண்டும் என்பதால் தலைவர் வந்து பத்து நிமிஷம் கைகாட்டிவிட்டுப் போவார், அதுவரை சொன்னதெல்லாம் அவர் கணக்கில் வராது. தலைவர்கள் நேரத்துக்கு வந்தாலே இதில் பாதி குறையும் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே?

யார் சொன்னது? அண்ணா வீட்டு எதிரில் அவரைக் கேவலமாகத் திட்டித் தட்டி வைத்தார்கள், அவர் ராத்திரியிலும் ஜனங்கள் படிக்கட்டும் என்று பக்கத்தில் விளக்கு வைக்கச் சொன்னார் என்ற கதையை மேடையில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! விளக்கைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம், அந்தத் தட்டியை எழுதினவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெண் வேட்பாளர் என்றால் கூடுதலாக வருகிறதா?

சந்தேகமே வேண்டாம். ஆண் என்றால் அவர் செய்த காரியத்தைச் சொல்லித் திட்டுவார்கள், பெண் என்றால் கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா, புருஷன் எங்கே, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் ஆரம்பமே. 2021-இல் தமிழ்நாட்டில் 234 இடத்தில் ஜெயித்த பெண்கள் 12 பேர். மதுரை மாவட்டத்தில் மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை 10 தொகுதி, அப்போது பத்திலும் ஜெயித்தது ஆண்கள். மீனாட்சி ஆட்சி நடக்கிற ஊர் என்று சித்திரை மாதம் பட்டாபிஷேகம் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். சீட்டுக் கிடைக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் நிற்கச் சொன்னால் "எதுக்குண்ணே, நாளைக்கு எம்மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்று சொன்ன இரண்டு பெண்களை எனக்கே தெரியும். இரண்டு பேரும் உள்ளாட்சியில் நன்றாக வேலை பார்த்தவர்கள்.

புகார் செய்ய வேண்டுமென்றால்?

செல்போனில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதி இருக்கிறது. அதிலேயே படமோ இரண்டு நிமிஷம் வரை வீடியோவோ எடுத்து அனுப்ப வேண்டும், போனில் முன்பே இருக்கிறதை ஏற்ற முடியாது. 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு. 1950-க்கும் போன் செய்யலாம். மேடைப் பேச்சு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, சொன்ன வார்த்தை அப்படியே. "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்? பெரிய கூட்டங்களுக்கு ஆணையத்தின் வீடியோக் குழு வரும், அந்தப் பதிவைக் கேட்டும் மனுவில் எழுதலாம்.

நானே வேட்பாளர், என் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டார்கள். என்ன செய்ய?

முதலில் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அடுத்த பெஞ்சுப் பையன் சொல்லித் தெரிவதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். அப்புறம் வீடியோ, நோட்டீஸ் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், புகார் கொடுங்கள். மேடையில் பதிலுக்கு அவர் வீட்டை இழுக்காதீர்கள். பெண்டாட்டியை வேனில் ஏற்றிக் கும்பிட வைப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால் சின்னதாக ஒரு 500 பிட் மட்டும்?

ஒன்பதரைக்கே ஷட்டரை இறக்கிவிடுவேன். காலையில் வாங்க, படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்க. மேட்டரை இப்போதெல்லாம் நானே முதலில் படிக்கிறேன், ஏழாம் நம்பரிலிருந்து.